இடுப்பு, சீட், நீளம்

நான் அளவைச் சொல்வேன், பையன் கொப்பியில் எழுதுவான். "முப்பத்திரண்டு, முப்பத்தாறரை, நாற்பது." முதலாவது இடுப்பு. இரண்டாவது சீட், பின்புறத்தின் மிக அகலமான இடத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்தால் வரும் அளவு. மூன்றாவது நீளம். தொடை, முழங்கால், கீழ்வாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். களிசான் தைக்கிற எவனும் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை. நான் தொழில் பழகிய கடையிலும் இப்படித்தான் எழுதினார்கள். அந்த உஸ்தாத் பழகிய கடையிலும் இப்படித்தானாம்.

1981-இல் கல்முனையில் சொந்தக் கடை போட்டேன். 2019-இல் மூடினேன். இடையில் எழுதிய கொப்பிகளில் ஒரு பகுதிதான் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் ஆறு வருடக் கொப்பிகள் கடையின் மேல் தட்டில் கிடந்ததால் தப்பின. அடுத்த பதின்மூன்று வருடத்துக் கொப்பிகளை வீட்டில் வைத்திருந்தேன். வீடு கல்முனைக்குடியில், கடற்கரைப் பள்ளிக்குப் போகிற பக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலை வீட்டோடு அவற்றையும் கொண்டுபோய்விட்டது. அந்த அலையில் இந்த நாட்டிலேயே அதிகமான உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். காகிதத்துக்காக அழ அப்போது யாருக்கும் மனம் இருக்கவில்லை. எனக்கும் இல்லை. அந்தக் கொப்பிகளின் பெறுமதி பிறகுதான் எனக்கு விளங்கியது.

களிசானுக்கு முந்திய காலத்தில் இந்தக் கரையில் ஆண்களின் இடுப்பை யாரும் அளந்ததில்லை. அளக்கத் தேவையும் இருக்கவில்லை. மருதமுனைத் தறியில் நெய்த சாறன் ஏறத்தாழ இரண்டு யார் சுற்றளவு. பதினாறு வயதுப் பொடியனும் அதைத்தான் உடுத்தினான், அறுபது வயதுப் போடியாரும் அதைத்தான் உடுத்தினார். மெலிந்தவர் மடிப்பைக் கூட்டுவார், பருத்தவர் குறைப்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் அகல வார் ஒன்று. காசும் வெற்றிலையும் வைக்கப் பை தைத்தது. இடுப்பு கூடினால் வாரில் அடுத்த துளை. உம்மாவின் வாப்பா வார் கட்டிய இடத்துக்குக் கீழே வெள்ளியில் அரைஞாண் கொடியும் போட்டிருந்தார். மௌத்தாகும் முன் இரண்டு தடவை தட்டாரிடம் கொடுத்துக் கண்ணி கூட்டியதாக உம்மா சொல்லுவார். எங்கள் குடும்பத்தில் இடுப்பு பெருத்ததற்கு இருக்கிற மிகப் பழைய சாட்சி அந்தக் கண்ணிகள்தான். அதை வீட்டில் பெருமையாகத்தான் பேசினார்கள். வயிறு வைத்தால் வயலும் மாடும் இருக்கிறதென்று அர்த்தம். "மனிசன் நல்லா இரிக்காரு" என்பார்கள்.

நீளக் களிசானை முதலில் போட்டவர்கள் வாத்திமாரும் கந்தோர் ஆட்களும். 1977-க்குப் பிறகு துணித் தட்டுப்பாடு நீங்கியது. சவூதி, கட்டார், குவைத் என்று போனவர்கள் திரும்பும்போது பொலியஸ்டர் துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். என்னுடைய கடை நின்றது அந்தத் துணியில்தான். நோன்பு இருபது கழிந்தால் பெருநாள் வரைக்கும் இரவில் மெசின் நிற்காது.

தையல்காரனுக்கு மட்டும் தெரிகிற ஒரு விசயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதியது. உம்மாவுக்குப் பிறகு மகளுக்கு. வந்த மாப்பிள்ளையை மாமி கவனிக்கிற கவனிப்பு பெரியது. காலையில் இடியப்பமும் பால்சொதியும், பகலில் இறைச்சி ஆணம், பின்னேரம் வட்டிலப்பம், ராவைக்குப் புரியாணி. ஆறு மாதத்தில் கலியாணக் களிசான் என் மேசைக்குத் திரும்பி வரும். "கொஞ்சம் பிரிச்சி விடுங்க காக்கா" என்பார்கள். பிரித்து விட வசதியாகப் பின் தையலில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பேன். துணியை மிச்சம் பிடிக்கிற தையல்காரன் அரை அங்குலம்தான் விடுவான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு களிசானும் ஒன்றுதான். இடுப்பு கூடும்போதுதான் வித்தியாசம் தெரியும். முதலாவது இளகிக் கொடுக்கும். இரண்டாவது இளகாமல், துணி இழுபட்டு, பொக்கற் வாயிலும் தொடைச் சந்திலும் கிழியும். இந்த இரண்டு அங்குலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1984-ஆம் ஆண்டுக் கொப்பியில் சம்மாந்துறைப் பக்கத்துப் போடியார் ஒருவரின் அளவு இருக்கிறது. இடுப்பு 42, சீட் 46. தொடையும் கையும் கழுத்தும் அதற்கேற்ற பருமன். ஹஜ்ஜுக்குப் போக உடுப்புத் தைக்க வந்தவர். படி ஏற மூச்சு வாங்கினார், முழங்கால் நோவும் இருந்தது. ஆனால் சீனி வருத்தம் அவருக்கு வரவில்லை. எண்பத்தெட்டு வயதில் மௌத்தானார்.

என்னுடைய காக்காவின் அளவு இரண்டு இடத்தில் இருக்கிறது. 1983-இல் கந்தோர் வேலை கிடைத்தபோது இடுப்பு 29, சீட் 35½. 2001-இல் இடுப்பு 36, சீட் 35. கை, கால், முகம் எல்லாம் மெலிவு. சேட்டை வெளியில் விட்டால் பருமன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். களைப்பு, தாகம் என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். உயரம் 165 சென்டிமீட்டர், நிறை 61 கிலோ. "நிறை சரியாக இருக்கிறது, உங்களுக்கு என்ன சீனி" என்று சொல்லி, இரத்தம் எடுத்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, சுபஹுக்கு எழும்பிய காக்கா வுழூச் செய்கிற இடத்திலேயே மாரடைப்பில் விழுந்தார். நாற்பத்தொன்பது வயது. ஆசுபத்திரியில் எடுத்த இரத்தத்தில் சீனி முந்நூறுக்கு மேல்.

அவருக்கு எத்தனையோ களிசான் தைத்தவன் நான். இடுப்பு சீட்டைத் தாண்டியதை என் வாயாலேயே பையனுக்குச் சொல்லி எழுதவும் வைத்தவன். அந்த இரண்டு இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து என்ன சொல்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. இது இன்றைக்கும் எனக்கு ஆறாத விசயம்.

யுத்தம் முடிந்த வருடம், என் ராத்தாவின் மகள் கடைக்கு வந்தாள். தாதியாக வேலை செய்கிறாள். டேப் பிடிக்கிற விதத்தை என்னிடம் கேட்க வந்தவள், கொப்பியைப் புரட்டியதும் நின்றுவிட்டாள். "மாமா, இந்த ரெண்டு நம்பரையும் எப்ப இருந்து எழுதிறீங்க?" "தொடங்கின நாளிலிருந்து." அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அன்றைக்குச் சொல்லத் தொடங்கியதைப் பல வெள்ளிக்கிழமைகளாகச் சொன்னாள்.

சுவீடனில் கோதென்பர்க் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1913-இல் பிறந்த ஆண்கள் 792 பேரை, அவர்களுக்கு ஐம்பத்துநாலு வயதான 1967-இல், இடுப்பையும் சீட்டையும் டேப்பால் அளந்து எழுதி வைத்தார்கள். பதின்மூன்று வருடம் போகவிட்டு, யாருக்கு மாரடைப்பு, யாருக்குப் பாரிசவாதம் என்று கொப்பியோடு ஒப்பிட்டார்கள். 1984-இல் முடிவு வெளியானது. உயரத்துக்கேற்ற நிறை எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பும் சொல்லவில்லை. இடுப்பை மட்டும் தனியாக எடுத்தாலும் சொல்லவில்லை. இடுப்பைச் சீட்டால் வகுத்து வந்த எண் சொன்னது. அதே 1984-இல் நான் இங்கே போடியாரை அளந்துகொண்டிருந்தேன். அவருடைய எண் 0.91. காக்காவின் 2001-ஆம் ஆண்டு எண் 1.03. ஆண்களுக்கு 0.90-க்கு மேல் போனால் கவனம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போடியார் அந்தக் கோட்டில் நின்றார். காக்கா எப்போதோ தாண்டிப் போயிருந்தார்.

இதை முதலில் யோசித்தவர் சுவீடன்காரர் அல்ல. பிரான்சில் மர்சேய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே எழுதியிருக்கிறார்: பருத்தவர் எல்லாரும் ஒன்றல்ல, மேலுடம்பில் கொழுப்புச் சேர்கிறவருக்குத்தான் நீரிழிவும் நாடி தடிப்பும் வருகிறது, தொடையிலும் பின்புறத்திலும் சேர்கிறவருக்கு அவ்வளவாக இல்லை என்று. நெடுங்காலம் அதைப் பெரிதாக எடுப்பார் இல்லை. தராசு கையில் இருந்தது, நிறுப்பது சுலபம். டேப்பைச் சரியாகப் பிடிக்கப் பழக்கம் வேண்டும்.

மருமகள் கொழுப்பைப் பற்றிச் சொன்னது எனக்கு என் தொழிலின் பாசையில்தான் ஏறியது. தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு, பின் தையலில் மடித்து விட்ட துணி மாதிரி. சாப்பிட்டு மிஞ்சியதை அது வாங்கி வைக்கும். புதுக் கொழுப்புக் கலங்கள் உண்டாகி இடம் கொடுத்தால், ஆள் பருத்தாலும் இரத்தம் ஓரளவு சுத்தமாக இருக்கும். இடம் கொடுக்காத உடம்பில் இருக்கிற கலங்களே ஊதிப் பெருக்கும். ஊதிய கலம் அழற்சி கொள்ளும், கொழுப்பைப் பிடித்து வைக்க முடியாமல் கசியவிடும். கசிந்தது குடலைச் சுற்றிச் சேரும், ஈரலிலும் தசையிலும் ஏறும். குடலைச் சுற்றிய கொழுப்பின் இரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல் கேட்காது. சாப்பிடாத ராத்திரியிலும் சீனியை இரத்தத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். துணி இளகாத களிசான் வேறிடத்தில் கிழிவது போல.

நான் ஒரு கேள்வி கேட்டேன்: அப்படியென்றால் கொழுப்பு இல்லாமலே இருந்தால் நல்லதுதானே? இல்லையாம். பிறவியிலேயே தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத மனிதர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். பார்க்க எலும்பும் தசையுமாக இருப்பார்கள். ஈரல் நிறையக் கொழுப்பு, கடுமையான நீரிழிவு. கொழுப்பு இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளுக்கு நல்ல எலியின் கொழுப்பை ஒட்டியபோது சீனி இறங்கியது என்று 2000-இல் எழுதியிருக்கிறார்கள். மறுபக்கமும் ஒன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பருத்த பெண்கள் பதினைந்து பேருக்கு வயிற்றுத் தோலுக்கடியில் இருந்த கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார்கள், ஆளுக்குப் பத்துக் கிலோ அளவில். 2004-இல் வந்த முடிவுப்படி இன்சுலின் விசயத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. எடுத்தது கேடு செய்யாத இடத்துக் கொழுப்பு. கேடு செய்கிறது உள்ளேயே இருந்தது.

பருத்தவர் பயப்பட வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. போடியாரைப் போல உள்ளவர்களும் வயது போகப் போக மற்றப் பக்கத்துக்குப் போவதுதான் அதிகம். மடித்து விட்ட துணிக்கும் ஒரு முடிவு உண்டு.

எங்கள் ஆட்களுக்கு அந்தத் துணியைக் குறைவாக விட்டுத்தான் தைத்திருக்கிறது. 1991-இல் வெளியான ஆய்வு ஒன்றில், லண்டனின் சவுத்தோல் பகுதியில் குடியேறிய தென்னாசியரைப் பார்த்தபோது, வெள்ளையரின் அதே நிறையில் இவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் சீனியும் கூடுதலாக இருந்தன. பூனாவில் யாஜ்னிக் என்ற மருத்துவர் பிறந்த பிள்ளைகளிலேயே இதைக் கண்டார். அங்கே பிள்ளையின் நிறை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. கிராமத்துப் பிள்ளைக்குத் தசை குறைவு, ஆனால் முதுகுத் தோலின் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. 2004-இல் அவரும் யுட்கின் என்ற இங்கிலாந்து மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற நிறை எண் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. மருமகள் இதைச் சொன்ன அன்று இரவு காக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 165 சென்டிமீட்டர், 61 கிலோ: 22.4.

அதனால்தான் எங்களுக்கு இடுப்பின் எல்லையும் வேறு. ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்டிமீட்டர், தென்னாசிய ஆணுக்கு 90. டேப்பில் முப்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பெண்ணுக்கு 80, முப்பத்தொன்றரை.

என் கொப்பிகளைக் கூட்டிச் சராசரி போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள்தான் ஊர் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; கரைவலைக்காரரும் வண்டிக்காரரும் என்னிடம் குறைவாகத்தான் வந்தார்கள். தவிர, களிசான் அளவு பொய் சொல்லும். 80-களில் களிசானைத் தொப்புளுக்குச் சரியாக ஏற்றிப் போட்டார்கள். பிறகு மாடல் இறங்கியது, வயிற்றுக்குக் கீழே கட்டினார்கள். வயிறு 40-க்குப் போன ஆளும் கண்ணாடி பார்த்து "நான் இன்னும் முப்பத்திநாலுதான்" என்று சொல்லிப் போவார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைப் பிடிக்க வேண்டும், மூச்சை விட்ட பிறகு. 2000-க்குப் பிந்திய கொப்பிகளில் பல ஆட்களுக்கு இடுப்பைத் தவிர "வ" என்று ஓர் எழுத்துப் போட்டு இன்னொரு இலக்கம் இருக்கும். அது வயிறு, சேட் இறுகாமல் இருக்க எழுதியது. முதல் ஆறு வருடக் கொப்பிகளில் அந்த "வ" ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, போடியாருக்கு. சராசரி இல்லாமலே இதை நான் சொல்லலாம்.

இடையில் என்ன நடந்தது என்பதை ஊரில் எல்லாரும் கண்டார்கள். 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலயில் தண்ணீரைக் கட்டியது; எங்கள் மேற்குப் பக்கத்து வயல்களில் சிறுபோகம் பரவியது. சூடு மிதித்த மாட்டின் இடத்துக்கு டிரக்டர் வந்தது, அருவி வெட்டுக்கும் மெசின் வந்தது. வீட்டுக்கு வீடு கேட்ட உலக்கைச் சத்தம் நான் பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே குறைந்துவிட்டது. மில்லில் தீட்டிய அரிசி வெள்ளையாக வந்தது. 1980-இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. காலையில் பாண், பின்னேரம் பனிஸ், ராவைக்குக் கொத்து ரொட்டி என்று கோதுமை மூன்று நேரமும் உள்ளே வந்துவிட்டது. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. வருகிற ஆளுக்குக் குறைத்துக் கொடுத்தால் மரியாதை இல்லை. வயலுக்குச் சைக்கிளில் போனவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு முட்டி நிற்கிற ஊர் இது. நடப்பதற்கு இருந்த வெளியும் சுருங்கிப்போனது. பட்டினியில் பிறந்த உம்மாக்களின் பிள்ளைகள், குறைந்த துணியில் தைத்த உடம்போடு, இந்தச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

2005, 2006-இல் இலங்கை முழுவதற்கும் என்று ஒரு பெரிய நீரிழிவு ஆய்வு நடந்தது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு. அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அந்த நாட்களில் நாங்கள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்தோம், நிவாரணத்தில் கொடுத்த வெள்ளை அரிசியையும் மாவையும் சீனியையும் சாப்பிட்டுக்கொண்டு. எங்கள் இடுப்பை யாரும் எழுதவில்லை. அந்த வருடங்களில் கல்முனையில் எழுதப்பட்ட அளவுகளில் என் கொப்பியும் ஒன்று என்று நினைக்கும்போது, அலை கொண்டுபோன பதின்மூன்று வருடம் மனதை அறுக்கிறது.

பெண்களின் அளவு என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை. சட்டை தைக்கக் கொடுத்தால் பழைய சட்டை ஒன்றை மாதிரிக்கு அனுப்புவார்கள். ராத்தா வீட்டில் இருந்து பெண்களுக்குத் தைத்தார். எதையும் எழுதவில்லை, மனதில்தான் வைத்திருந்தார். அவர் சொன்ன ஒன்று எனக்கு மருத்துவர்கள் சொன்னதை விட முந்தியது. "பிள்ளை பெத்த பொம்புளைக்கு முதல்ல பின்பக்கமும் தொடையும்தான் வைக்கும், அது குத்தமில்ல. மாசத் தீட்டு நிண்ட மறுகா வயித்துக்கு ஏறும், அப்பதான் வருத்தம் வரும்." மருமகளிடம் சொன்னேன். சரிதான் என்றாள், தொடைக் கொழுப்பு பிள்ளைக்குப் பால் கொடுக்க உடம்பு சேர்த்து வைக்கிற கையிருப்பு, மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புச் சேர்கிற இடம் மாறுகிறது என்று. பிறகு ஹபாயா வந்தது. தோளில் இருந்து நேரே விழுகிற உடுப்பு, சாறனைப் போல அதுவும் இடுப்பைக் கேட்பதில்லை. ராத்தாவின் கணக்கும் அதோடு நின்றது. மார்க்கத்துக்கு ஏற்ற உடுப்பை நான் குறை சொல்லவில்லை. இறுகுகிற உடுப்பு இல்லாதவருக்கு டேப் இன்னும் அவசியம் என்று மட்டும் சொல்கிறேன்.

ரெடிமேட் வந்து என்னுடைய தொழிலை முடித்துவைத்தது. ரெடிமேட்டில் பின் தையலுக்குள் மடித்து விடுவதற்குத் துணியே இல்லை. சிறுத்தால் வீசிவிட்டு அடுத்த சைஸ் வாங்க வேண்டும். கடைசிக் கொப்பியில் நாற்பது தாள் வெறுமையாகக் கிடந்தது. போன வருடம் மருமகளிடம் கேட்டுக்கொண்டு, ஜும்ஆ முடிந்து வருகிறவர்களை எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து அளக்கத் தொடங்கினேன். அவள் சொல்லித் தந்த இடத்தில் டேப்பைப் பிடிக்கிறேன். நீளம் எழுதுவதில்லை. இடுப்பு, சீட், இரண்டும்தான். கூடியவர்களை இரத்தம் எடுத்துப் பார்க்கத் திங்கட்கிழமை அவளிடம் அனுப்புகிறேன், நிறை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

முதல் வரியில் என்னுடைய அளவு: 36½, 37. குளிசை போடுகிறேன், சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடக்கிறேன், தேத்தண்ணியில் சீனி இல்லை. இரண்டாவது வரியில் காக்காவின் மூத்த மகன். முப்பத்தொரு வயது, 60 கிலோ. "சாச்சா, நான் மெலிஞ்ச ஆள்தானே, எனக்கெதுக்கு" என்றான். சேட்டைத் தூக்கச் சொன்னேன்.